சீட்டு எழுதி டப்பாவில் போடவும்

ஒதிலியாவின் கை சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தது. மணி போன தக்கை ஒன்றை இடது கையில் பிடித்து, அதன்மேல் காய்ந்த கதிரை வைத்து ஒரு திருகு திருகினால் பொலபொலவென்று கூடையில் கொட்டும். விடிந்ததிலிருந்து திருகிக்கொண்டிருக்கிறாள். ரெண்டு கூடை நிறைந்து மூன்றாவதும் பாதிக்கு வந்துவிட்டது. அந்த வீட்டில் இருப்பதோ புருஷன், பெண்டாட்டி, இன்னும் பல் முளைக்காத ஒரு பெண் குழந்தை.

இவ்வளவு சோளம் யாருக்கடி என்று வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் கேட்டிருப்பான். எலாதியோவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. கதவில் தொங்கிய கைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று உப்புத் தண்ணீரை அண்ணாந்து கொப்பளித்துக்கொண்டிருந்தான். அந்தத் தொண்டை இப்போது அவனுடையது இல்லை, ஊருடையது. ஜனவரி முதல் தேதியிலிருந்து அவன்தான் சான் மெல்சோர் மலைக்கிராம ஊராட்சியின் அறிவிப்பாளர். ஊர்க்கூட்டம் பெயர் சொன்னால் யாரும் தட்ட முடியாத, சம்பளம் இல்லாத, ஒரு வருஷப் பதவி. மற்றவர்களெல்லாம் ஐயோ என்று தலையில் கைவைப்பார்கள். எலாதியோ மட்டும் அன்றைக்கே தொப்பிக்குப் புதுப் பட்டை வாங்கினான்.

"என்னங்க..." என்றாள் ஒதிலியா. அவள் கூப்பிட்டால் அடுப்படிப் பூனைகூடக் காதைத் தூக்காது. அவ்வளவு சின்னக் குரல்.

"ம்?"

"மழை வர்ற மாதிரி இருக்குங்க."

"மழையா? எனக்கு அறிவிப்பு ஒண்ணும் வரலையே."

"மேகம் வந்திருக்குங்க. சமையக்கட்டுல இருந்தே தெரியுது."

தெரியாமல் என்ன? சமையற்கட்டுக்குக் கூரையே இல்லை. "மூணே நாள்ல புதுத் தகரம் போடுறேன் பார்" என்று டிசம்பரில் பழைய மரப்பலகைக் கூரையைப் பிரித்துப் போட்டவன் எலாதியோதான். தகரம் வந்தது. கூடவே பதவியும் வந்தது. தகரம் அவகாடோ மரத்தடியில் படுத்துவிட்டது. கோழிகள் அது தங்களுக்குக் கட்டிய வீடு என்று நினைத்து அதன் அடியில் முட்டை வைத்துக்கொண்டிருந்தன. ஒதிலியா நாலு மாதமாக ஒரு குடையைக் கம்பத்தில் கட்டி, அதன் கீழே ரொட்டிக்கல்லை வைத்துச் சமைத்தாள். வெயிலுக்கு அது போதும். அந்த மலையில் மே மாதம் பிடித்த மழை அக்டோபர் வரை விடாது. போன மழையின் கடைசியில், ஒழுகும் கூரைக்குக் கீழே பிறந்த குழந்தை மூணு வாரம் இருமியது. அந்த இருமல் திரும்ப வரக்கூடாது. அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

"ஒரு ஆளா கூரை போட முடியுமாடி?"

"கொசோனாவுக்கு ஊரைக் கூப்பிடலாமுங்க."

கொசோனா என்றால், ஊர் ஆண்கள் வந்து ஒரு நாள் உழைப்பார்கள். வீட்டுக்காரன் வயிறாரப் போடுவான். பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் அவன் ஒரு நாள் போய் உழைத்துக் கழிக்க வேண்டும். முதல் ரெண்டும் எலாதியோவுக்குப் பிடிக்கும். மூன்றாவதை நினைத்தாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

"ஊர் அதிகாரி நானு. நான் போய் அடுத்தவன் காட்டுல மண்வெட்டி பிடிக்கிறதா? ஊர் வேலை முதல்ல, வீட்டு வேலை அப்புறம். எத்தனை தடவ சொல்றது? உனக்கு ஏதாவது குறைன்னா முறையா வா. சீட்டு எழுதி டப்பாவுல போடு. அஞ்சு பேசோ கட்டு. வரிசைப்படி பாத்து வாசிப்பேன். பெண்டாட்டின்னு சலுகை எல்லாம் கிடையாது."

"சரிங்க" என்றாள் ஒதிலியா. அடுத்த கதிரை எடுத்து ஒரு திருகு திருகினாள்.

புத்தியுள்ளவன் அந்தத் திருகலைப் பார்த்தே பயந்திருப்பான். எலாதியோ தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வாசலில் ரெண்டு வான்கோழிகள் நடக்க முடியாமல் கொழுத்து நின்றன. அதையும் அவன் பார்க்கவில்லை.

ஊராட்சி ஆபீஸ் மாடியில் நாலு திசைக்கும் நாலு ஒலிபெருக்கிக் குழாய்கள். சாயங்காலம் ஆறு மணி ஆனால் அவை வாய் திறக்கும். யார் வீட்டில் பன்றி அறுத்திருக்கிறார்கள், யார் ஆடு காணவில்லை, எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர், எல்லாம் அதில்தான் வரும். அறிவிக்க வேண்டியதைச் சீட்டில் எழுதி, அஞ்சு பேசோ கட்டி, ஆபீஸ் டப்பாவில் போட வேண்டும். முன்பு இருந்த அறிவிப்பாளர் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவார். எலாதியோ வந்த பிறகு ஒன்றேகால் மணி நேரம். ஒருமுறை தொலைந்துபோன ஆட்டின் நிறம், குணம், தாய் தகப்பன் என்று அவன் வர்ணித்து முடிப்பதற்குள் அந்த ஆடே நடந்து வீடு வந்து சேர்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை குடிநீர் வரும் என்று வாராவாரம் சொல்வான். எந்தச் செவ்வாய் என்று ஊராட்சித் தலைவரும் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. ஆனால் வரப்போகும் தண்ணீருக்காகத் தலைவருக்கு நன்றி சொல்லும்படி ஊரைக் கேட்டுக்கொள்ள மட்டும் மறக்கமாட்டான்.

கண்டிப்பும் உண்டு. போன வாரம் கிழவர் சபினோவை அவருடைய கோவேறு கழுதை உதைத்துவிட்டது. அந்தக் கோபத்தில் "கழுதை விற்பனைக்கு" என்று சீட்டு எழுதிப் போட்டார். அறிவிப்பு போன அரை மணியில் கோபம் ஆறி, நொண்டிக்கொண்டே ஓடி வந்தார்.

"தம்பி, ஒரு திருத்தம் போட்டுடு. அது என் பிள்ளை மாதிரிப்பா."

"குழாய்ல போனது போனதுதான் அண்ணே. அது ஊர் வாய். துப்புனத முழுங்காது."

மறுநாள் கீழூர்க்காரன் கயிற்றோடு வந்து, சொன்ன விலைக்கே பிடித்துப் போனான். சபினோ வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

எலாதியோ படித்தது ரெண்டாம் வகுப்பு. எழுத்துக்குக் கீழே விரல் வைத்து, இழுத்து இழுத்து, கோயில் பூசாரி மாதிரி வாசிப்பான். வார்த்தை வாயிலிருந்து கிளம்பி எதிர் மலையில் முட்டித் திரும்பி வரும்போதுதான் அதன் அர்த்தம் அவனுக்குத் தெரியும். ஒதிலியா நாலாம் வகுப்பு. எழுதத் தெரியாத பெண்கள் எல்லாரும் அவளிடம்தான் சீட்டு எழுதி வாங்குவார்கள். அதனால் டப்பாவில் பாதி அவளுடைய குண்டு குண்டு எழுத்தாகவே இருக்கும். அன்று வியாழக்கிழமையும் அப்படித்தான் இருந்தது.

"அறிவிப்பு! அறிவிப்பு! சான் மெல்சோர் பெருங்குடி மக்களுக்கு உங்கள் ஊராட்சி தெரிவித்துக்கொள்வது..."

மூன்று சீட்டு முடிந்தது. நாலாவதை எடுத்தான்.

"வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு... சமையலறைக் கூரை போடும் கொசோனாவுக்கு... ஊர் ஆண்கள் அனைவரையும்... மனமார... மனமார அழைக்கிறார்."

அந்தச் சொல் அவனுக்குப் பிடித்துவிட்டது.

"மதியம் வான்கோழி மிளகாய்க் குழம்பும்... திகட்டத் திகட்டச் சோள ரொட்டியும் உண்டு. வந்தவர் ஒவ்வொருவர் வீட்டுக்கும்... ஒரு முழு நாள் வந்து உழைப்பதாக... ஊரறிய வாக்குக் கொடுப்பவர்..."

இங்கே ஒரு மூச்சு விட்டான். யாருடா இந்த இளிச்சவாயன் என்று மனசுக்குள் ஒரு சிரிப்பு வேறு.

"உங்கள்... அன்பு... அறிவிப்பாளர்... எலாதியோ."

விரல் அங்கேயே நின்றது. எதிர் மலை நிதானமாகத் திருப்பிச் சொன்னது. எலாதியோ... யோ... யோ...

ஊரோடு சேர்ந்து அவனும் அப்போதுதான் கேட்டான்.

திருத்தம் சொல்ல வாயைத் திறந்தவன், ஆள் அரவம் கேட்டு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பியபோது, வாசலில் சபினோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் கண்டிப்பா வர்றேன் தம்பி. கழுதை இல்ல. நடந்தே வர்றேன்."

"அண்ணே, இது ஒரு சின்னத் தப்பு. இப்பவே ஒரு திருத்தம்..."

"ஊர் வாயாச்சே தம்பி. முழுங்குமா?"

பக்கத்து அறையிலிருந்து தலைவர் குமெர்சிந்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"எட்டு வருஷமா பொது வேலைக்குக் கூப்பிட்டா வயித்து வலின்னு படுத்துக்கிற ஆளு! இன்னிக்கு ஊரையே கூப்பிட்டியே! என் ரெண்டு பசங்களையும் கூட்டிட்டு வர்றேன்யா."

மீதிச் சீட்டுகளை அன்றைக்கு ரெண்டே நிமிஷத்தில் வாசித்து முடித்தான். வீட்டுக்கு வந்தபோது ஒதிலியா நாலாவது கூடையில் இருந்தாள்.

"நீதானேடி எழுதினே?"

"ஆமாங்க. முறையா வரச் சொன்னீங்களே."

"அஞ்சு பேசோ?"

"கட்டினேங்க. உங்க தகரத்துக்கடியில கோழி வெச்ச முட்டைய வித்து."

"யாரைக் கேட்டுடீ எழுதினே?"

"நீங்களே வாசிச்சீங்களே..." சால்வை முனையை வாயில் வைத்துக்கொண்டாள். "நல்லா வாசிச்சீங்க. மனமாரன்னு ரெண்டு தடவ சொன்னீங்க பாருங்க, எதிர்வீட்டு ரூஃபினா அக்கா அழுதே போட்டாங்க."

எலாதியோ ஒரு கதிரை எடுத்து அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை ஆறரைக்கே முப்பத்தொரு பேர் சுத்தியலும் ஏணியுமாக வந்து நின்றார்கள். ஊராட்சி சாலை வேலைக்குக் கூப்பிட்டால் அதில் பாதிகூட வராது. வான்கோழி வாசனைக்கு இருக்கிற அதிகாரம் தலைவருக்கு இல்லை. எலாதியோ மேலே ஏறவில்லை. கீழே நின்றுகொண்டு, "இடது பக்கம்! இன்னும் கொஞ்சம் இடது!" என்று மைக் இல்லாமலே அறிவித்தான். யாரும் கேட்கவில்லை, அதனால் கூரை நேராக வந்தது. ஒதிலியாவும் ரூஃபினாவும் இன்னும் நாலு பெண்களும் ரொட்டி தட்டித் தட்டிக் கூடை கூடையாக அனுப்பினார்கள். நாலு மணிக்குக் கடைசி ஆணி இறங்கியது. ஐந்து மணிக்கு முதல் மழை தகரத்தில் தடதடவென்று விழுந்தது. குழந்தை அண்ணாந்து பார்த்தது. மேலே சத்தம் கேட்கிறது, மூக்கில் ஒரு சொட்டுகூட விழவில்லை. அதற்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒதிலியா கம்பத்திலிருந்து குடையை அவிழ்த்து மடக்கினாள்.

மதியம் மிஞ்சிய குழம்பையும் காலி செய்துவிட்டு, தலைவர் விரல்களை நக்கிக்கொண்டே ஆரம்பித்தார்.

"திங்கக்கிழமை என் காபித் தோட்டத்துக்கு வந்துடு எலாதியோ. செவ்வாய் சபினோ அண்ணன் வீட்டுக்கு."

"எனக்குக் கல்லு சுமக்கணும் தம்பி" என்றார் சபினோ. "முன்னாடி எல்லாம் கழுதை சுமக்கும்."

எலாதியோ எழுந்து நின்றான். இந்த நேரத்துக்காகத்தான் ரெண்டு நாளாக ஒரு துருப்புச் சீட்டைக் கைக்குள் வைத்திருந்தான்.

"வரணும்னு எனக்கும் ஆசைதான் பெரியவங்களே. ஆனா நான் பதவியில இருக்கேன். நான் மலையேறிப் போயிட்டா மைக்குல யாரு உக்கார்றது? ஊர் வேலை முதல்ல இல்லையா? டிசம்பர் முடியட்டும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று எலாதியோ இன்னொரு ரொட்டியை எடுத்தான்.

"பதவி ஆளுக்கா குடுத்தோம்? வீட்டுக்குத்தானேய்யா குடுத்தோம்" என்றார் தலைவர். "புருஷன் வெளியே போனா பெண்டாட்டி உக்கார்றது நம்ம ஊர் வழக்கம்தானே."

எலாதியோ வாயில் ரொட்டியோடு சிரித்தான். "இவளா? இவ பேசினா இவ மடியில இருக்கிற பிள்ளைக்கே கேக்காது!"

முப்பத்தொரு முகமும் அடுப்புப் பக்கம் திரும்பின. ஒதிலியா சால்வைக்குள் மூக்கு வரைக்கும் போய்விட்டாள். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"எழுதினத வாசிக்கணும்... அவ்வளவுதானே தலைவரே?"

திங்கட்கிழமை சாயங்காலம் தலைவரின் காபித் தோட்டத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எலாதியோ குழாயைக் கேட்டான். குரல் அவ்வளவு சின்னதாக இருந்ததால் கேட்பதற்காக ஊரே வாயை மூடிக்கொண்டது. அடித்துக்கொண்டிருந்த சுத்தியல்கூட நின்றது. ஏழு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. எல்லாருக்கும் எல்லாம் புரிந்தது. கடைசியில் மட்டும் அவள் கொஞ்சம் தயங்கினாள். "செவ்வாய்க்கிழமை தண்ணி வரும்னு எழுதியிருக்கு. எந்தச் செவ்வாய்னு எழுதலை. தலைவர்கிட்ட கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேங்க." பக்கத்தில் நின்ற தலைவர் எலாதியோவை முறைத்தார். ஆனால் அந்தச் செவ்வாயே தண்ணீர் வந்தது.

ஜூன் பாதியில் ஒரு நாள் மழை விடாமல் கொட்டியதால் எலாதியோவுக்கு எந்தத் தோட்டத்திலும் வேலை இல்லை. அதனால் வீட்டில் வேலை இருந்தது. முதுகில் கட்டியிருந்த குழந்தை, புதிதாக முளைத்த ரெண்டு பல்லையும் அவன் காதில் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுப்பில் சோளப் பானை. சுண்ணாம்பு போட்டு வேகவைக்க வேண்டும். குறைந்தால் தோல் உரியாது, கூடினால் ரொட்டி வாயில் வைக்க விளங்காது.

"ஏய் ஒதிலியா, சுண்ணாம்பு எவ்வளவுடி?"

அவள் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் குழாயில் தலைவர் குரல் வந்தது. "அறிவிப்பாளர் ஒதிலியா அம்மா உடனே ஆபீசுக்கு வரவும். மேல் தெருப் பாலத்தை வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போகுது. உடனே வரவும்."

ஒதிலியா குடையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள்.

"சொல்லிட்டுப் போடி! பானை கொதிக்குது!"

"ஊர் வேலைங்க!" மழைக்குள்ளிருந்து அந்தச் சின்னக் குரல் நன்றாகவே கேட்டது. "சீட்டு எழுதி டப்பாவுல போடுங்க, சாயங்காலம் வரிசைப்படி பாத்து வாசிக்கிறேன்!"