ஹாரன் அண்ணாச்சியின் மலையிறக்கம்

ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி, கம்பம்மெட்டுப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். என் கால் எனக்கே தெரியாத அளவுக்கு மூடுபனி. வலது கை முழுக்கக் கட்டு. பின்னால் 'பாம், பாம்' என்று ஹாரன் கேட்டது. ஒதுங்கினேன். வண்டி வரவில்லை. மறுபடி 'பாம்'. இன்னும் ஒதுங்கினேன். அதற்கு மேல் ஒதுங்கினால் பள்ளம். பனிக்குள்ளிருந்து குரங்குக் குல்லாயும் லுங்கியுமாக ஒரு மனிதர் வெளியே வந்தார். ஹாரன் சத்தம் அவர் வாயிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"வளைவுல்ல தம்பி? அடிக்காம திரும்பலாமா?"

எங்கள் கேரள எல்லை மலையில் ஹாரன் அண்ணாச்சியைப் போல் பயந்த மனிதர் இதுவரை பிறக்கவில்லை. அடுத்தவர் பயத்தை வைத்து அவரைப் போல் வைத்தியம் பார்த்தவரும் இல்லை.

ஒரு காலத்தில் அவர் ட்ரிப் ஜீப் ஓட்டினார். கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் காலையில் ஆட்களை ஏற்றி வந்து, சாயங்காலம் இறக்கிவிடும் ஜீப். மற்றவர்கள் பறப்பார்கள். இவர் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நிறுத்தி, ஹாரன் அடித்து, எதிர்ப்பக்கம் பதில் வராவிட்டால், "எல்லாரும் இறங்கி நடந்துருங்க, வண்டிய மட்டும் நான் கொண்டாரேன்" என்பார். அவர் ஜீப்பில் வந்த பெண்கள் தோட்டத்தில் போய் நிற்கும்போது கங்காணி மதியச் சாப்பாட்டை முடித்திருப்பார். ஜீப் முதலாளி ஒருநாள் சாவியை வாங்கிக்கொண்டார். அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் ஆனார். ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிற ஆளை யார் அங்கே சேர்த்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவருக்குக் கொடுத்த வேலை, கண்ணாடி மாட்டிவிடுவது. மூக்குக் கண்ணாடி இல்லை. முகத்தில் பாதியை மூடும் பெட்டி. வி.ஆர். என்பார்கள். மாட்டிக்கொண்டு எந்தப் பக்கம் தலையைத் திருப்பினாலும் வேறொரு இடம் தெரியும். தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது மனம் அந்த இடத்துக்குப் போய்விட்டால் வலி குறையுமாம்.

பெட்டியோடு வந்த படம் கடலுக்கு அடியில் எடுத்தது. கலர் கலராக மீன்கள். எங்கள் ஆட்களோ குளத்தில்கூட இறங்காதவர்கள். முதலில் மாட்டிய காய் பறிக்கும் அக்கா, தண்ணீருக்குள் போய்விட்டோம் என்று மூச்சை அடக்கினார். அடக்கியவர் விடவே இல்லை. முகம் கறுத்ததும் சிஸ்டர் பெட்டியைப் பிடுங்கினார்.

"நீச்சல் தெரியாதவள இப்படியா தள்ளிவிடுவீக?" என்று அக்கா ஆஸ்பத்திரியையே கூட்டிவிட்டார்.

"வலி எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"உசுரே போகப் பாத்துச்சு, வலியாம்ல வலி!"

அண்ணாச்சி அதைப் பிடித்துக்கொண்டார். "நம்ம சனத்துக்குத் தெரிஞ்ச பயமாக் காட்டுவோம் டாக்டர்" என்று சொல்லி, சுற்றிலும் படமெடுக்கும் கேமராவை ஒரு ட்ரிப் ஜீப்பின் நடுவில் வைத்து, மலையிறக்கம் முழுவதையும் படம் எடுக்க வைத்தார். அந்த ஜீப்பில் அவர் போகவில்லை. பயம்.

என் கதைக்கு வருகிறேன். ஏழாவதோடு படிப்பை விட்டவன், பல ஊரில் பல வேலை பார்த்தவன். கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் இடத்தில் ஒன்றும் ஆகாத கை, உடும்பஞ்சோலையில் ஏலக்காய் உலர்த்தும் அடுப்பில் வெந்தது. முதல் கட்டு மாற்றிய நாளில் கரண்ட் இல்லை. கண்ணாடியில் சார்ஜும் இல்லை. துணியை உரித்தபோது நான் போட்ட சத்தத்தை இங்கே எழுத வேண்டாம். விரலை மடக்கச் சொன்னார் டாக்டர். முடியவில்லை. "இப்படியே விட்டா தோல் சுருங்கி, விரல் நீட்டினபடியே நின்னுரும்" என்றார். கை போனால் எனக்குச் சோறு இல்லை. அது தெரிந்தும், அடுத்த கட்டு மாற்றுகிற காலையில் கிளம்பிவிட்டேன். பனிப்பாதையில் அண்ணாச்சி என்னைப் பிடித்தது அப்போதுதான்.

"என்னைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா அண்ணாச்சி?"

"ஆமா. சிஸ்டர் அனுப்புனாக."

"நான் வரமாட்டேன்."

"சரி, வராதீக." திரும்பி நின்றார். வந்த பாதை பனியில் இல்லை. எங்கேயோ ஒரு கிளை முறிந்தது. "தம்பி... நீங்க முன்னால போற தைரியத்துல வந்துட்டேன். தனியா எப்படித் திரும்புவேன்? ஆனை நிக்கும்னு சொல்லுதாக. ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் துணைக்கு வாங்களேன்."

கேட்டு வரை போனேன். வளைவு தவறாமல் ஹாரன் அடித்தார். கேட்டுக்கு உள்ளே நாய் படுத்திருக்கும் என்றார். வராந்தா இருட்டாக இருக்கும் என்றார். நான் எங்கே நிற்கிறேன் என்று புரிந்தபோது, டிரெஸ்ஸிங் ரூம் கதவைச் சிஸ்டர் சாத்திவிட்டார்.

எனக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஜீப்பைத் தட்டுவது போலக் கட்டில் கம்பியை இரண்டு தட்டுத் தட்டினார். "போலாம்!"

ஜீப்புக்குள் இருந்தேன். இரு பக்கமும் தூக்குவாளியோடு பெண்கள். வெளியே பள்ளம், பள்ளத்துக்குள் மேகம். "வளைவு வருது... பாம்! எதிர்ல லாரி! ஐயோ, இவன் பிரேக் பிடிக்கானா இல்லையா?" என்று சுவரைப் பார்த்து அலறினார் அண்ணாச்சி. கையிலிருந்து ஏதோ உரிந்தது. வலி இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பின் சீட்டில் உட்கார்ந்திருந்தது. முன்னால் பள்ளம் இருந்தது.

ட்ரிப் ஜீப்பில் போனவர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. வளைவில் தலைக்கு மேலே இருக்கும் கம்பியைப் பிடிப்பார்கள். யாரும் யோசித்துப் பிடிப்பதில்லை. ஜீப் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. பிடித்தேன்.

"அய்யோ சேட்டா, கை!" என்று மலையாளத்துச் சிஸ்டர் கத்தினார்.

"விடு, தடுக்காதே" என்றார் டாக்டர்.

சுவரைப் பார்த்தபடியே அண்ணாச்சி கேட்டார்: "என்னாச்சு? விழுந்துட்டோமா?"

"இல்ல. விரல் மடங்கியிருக்கு" என்றார் டாக்டர்.

மடங்காத விரல்கள், அங்கே இல்லாத கம்பியைப் பிடித்திருந்தன. அடுத்த வளைவிலும் பிடித்தேன்.

கட்டு முடிந்து வெளியே வந்தபோது அண்ணாச்சியின் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. "காலையில கட்டில் காலியாக் கெடந்தா எனக்குப் படபடன்னு வருது தம்பி. எங்க இருந்தாலும் ஒரு சத்தம் குடுத்துருங்க."

நாள் முழுக்கக் கட்டிலில் கிடக்க என்னால் ஆகாது. கட்டு மாற்ற மட்டும் வந்தால் போதும் என்று டாக்டர் விட்டுவிட்டார். மறுநாள் காலை கம்பம்மெட்டு ஜீப் ஸ்டாண்டில், "உடும்பஞ்சோலை, உடும்பஞ்சோலை" என்று ஆள் கூப்பிடும் வேலையில் சேர்ந்தேன். அதற்கு வாய் போதும். ஆஸ்பத்திரி முன்னால் ஹாரன் அடிக்கக் கூடாது என்று போர்டு இருக்கிறது. இருந்தாலும் முதல் ஜீப் கிளம்பும்போது டிரைவரிடம் சொல்லி அனுப்பினேன்: "அந்த வாசல்ல ஒரு தடவை நல்லா அழுத்திட்டுப் போங்கண்ணே. உள்ள ஒருத்தர் பயந்துக்கிட்டு இருப்பாரு."