அறுநூறு பேரை இறக்கியவர்

மருத்துவமனை வாசலில் காரை நிறுத்தி, இறங்கி ஓடிவந்து பின்கதவைத் திறந்த பிறகுதான் விசில் சாருக்கு விஷயம் உறைத்தது. பின்சீட்டில் துணிப்பை இருந்தது. இரண்டு தலையணை இருந்தது. வெந்நீர் பிளாஸ்க் கூட இருந்தது. மனைவியைத்தான் காணோம்.

"பேஷண்ட் எங்க சார்?" என்றாள் சக்கர நாற்காலியோடு வந்த நர்ஸ்.

விசில் சார் டிக்கியையும் ஒருமுறை திறந்து பார்த்தார்.

"வீட்டுல..." என்றார்.

"சரி, போய்க் கூட்டிட்டு வாங்க" என்றாள் நர்ஸ், இது தினமும் நடக்கிற சங்கதிதான் என்பது போல.

விசில் சாரைக் குறைத்து எடை போட்டுவிடக் கூடாது. பதினான்கு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் தீப்பாதுகாப்பு அதிகாரி அவர். மாதம் ஒருமுறை, யாரிடமும் மூச்சு விடாமல், திடீரென்று அபாய மணியை அடித்துவிட்டுக் கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப்வாட்சுமாக மாடிப்படியில் நின்றுகொள்வார். எட்டே நிமிடத்தில் அறுநூறு பேர் தெருவுக்கு வந்து சேர வேண்டும். ஒருமுறை மேலாளர் ஒற்றைக் கால் ஷூவோடு இறங்கி வந்து, "முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதாய்யா?" என்று எகிறினார்.

"முன்னாடியே சொன்னா அது ஒத்திகையே இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, அவர் பெயருக்கு எதிரே 'தாமதம்' என்று எழுதிக்கொண்டார் விசில் சார்.

இப்பேர்ப்பட்டவரிடம் எட்டாம் மாதத்திலேயே மனைவி கேட்டாள். "என்னங்க, எங்க அக்காவுக்கு வலி எடுத்த ஒரு மணி நேரத்துல, ஆஸ்பத்திரிக்குப் போற வழியில கார்லயே பொறந்துடுச்சு. எனக்கும் அப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்கு. ஒரு தடவை போய்வந்து பாத்துக்கலாமா?"

"எனக்கா ஒத்திகை? அறுநூறு பேரை இறக்குறவன்மா நான். நீ ஒரே ஒரு ஆளு!"

அந்த ஒரே ஒரு ஆளைத்தான், வலி என்று கேட்ட பதற்றத்தில், இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

திரும்பிப் போனபோது அவள் கேட்டருகே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள். "நாப்பத்தோரு நிமிஷம்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

நர்ஸ் அவளை உள்ளே அழைத்துப் போய்ப் பத்து நிமிடத்தில் அவளோடு திரும்பினாள். "இன்னும் நாள் இருக்கு சார். பிரசவத்துக்கு முன்னாடி உடம்பு இப்படி ஒத்திகை பாக்கும். நிஜ வலி மாதிரியே வயித்தை இறுக்கிப் பிடிக்கும், அப்புறம் தானா விட்டுடும்."

"உடம்பே ஒத்திகை பாக்குதா? சொல்லாமக் கொள்ளாமலா?" அந்த அவமானத்திலும் விசில் சாருக்கு உடம்பின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. "அதான் சரி சிஸ்டர். முன்னாடியே சொன்னா அது ஒத்திகையே இல்ல."

மனைவிக்குப் புரையேறியது. நர்ஸ் அவசரமாகத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

அடுத்த புதன்கிழமை காலை அவர் பாதி முகம் சவரம் செய்திருந்தபோது, "அம்மா!" என்று கூடத்தில் சத்தம். இந்தத் தடவை விடுவாரா? ஓடிப்போய் மனைவியின் கையைப் பிடித்தவர், பிடித்த கையை விடவே இல்லை. கதவை இழுத்துச் சாத்தினார். கையோடு கையாகப் படி இறங்கினார். கார் பக்கத்தில் வந்த பிறகுதான் சாவி ஞாபகம் வந்தது. அது வீட்டுக்குள் மேசை மேல் இருந்தது. தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. வீட்டுச் சாவியும் அதே வளையத்தில்தான் கிடந்தது.

"அய்யய்யோ!"

"பதறாதீங்க."

"யார் பதறுறா? நான் பதறலையே!" என்றபடி கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஊது ஊது என்று ஊதினார். தெருவே கூடிவிட்டது. கடைசியில் சலவைக்கடைக்காரரின் வேனில், தொங்குகிற கோட்டுகளுக்கு நடுவே, அரை முகத்தில் காய்ந்த நுரையோடு போய் இறங்கினார். கவுண்டரில் "பேஷண்ட் வயசு?" என்று கேட்டார்கள். "பதினாலு மாடி" என்றார்.

"அம்பத்திரண்டு" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுத்தாள் மனைவி. வலியின் இடைவெளியை எண்ணுகிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இந்தத் தடவையும் நர்ஸ் வந்து, "இன்னும் நாள் இருக்கு சார்" என்றாள்.

விசில் சாருக்கு மானமே போய்விட்டது. "நிஜ வலி எது, ஒத்திகை எதுன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது சிஸ்டர்?"

"தண்ணி குடிச்சு, கொஞ்சம் நடந்து, ஒருக்களிச்சுப் படுத்துப் பாத்தா ஒத்திகை வலி அடங்கிடும். நிஜ வலி எதுக்கும் அடங்காது. இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வரும், வலி கூடிக்கிட்டே போகும். ஆனா சந்தேகம்னு வந்தா யோசிக்காம கிளம்பிடுங்க. நூறு தடவை வந்தாலும் தப்பில்ல."

கடைசி இரண்டு வாக்கியம் அவர் காதில் ஏறவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் சாவிகளை விசில் கயிற்றிலேயே கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பையைக் காரிலேயே வைத்தார். வாசல் கதவின் உட்பக்கம், 'முதலில் மனைவி' என்று சிவப்பில் எழுதி ஒட்டினார்.

பத்து நாள் கழித்து, சனிக்கிழமை மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி மேசை விளிம்பை இறுகப் பிடித்தாள். "என்னங்க..."

விசில் சார் ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்தாரே தவிர, அசையவில்லை. மூன்றாவது தடவையும் ஏமாந்துபோய் அந்த நர்ஸ் முகத்தில் விழிக்க அவர் தயாராக இல்லை.

"தண்ணி குடி."

"இது நிஜங்க."

"போன தடவையும் இதையேதான் சொன்ன. குடி."

குடித்தாள். எட்டாவது நிமிடம் மறுபடி வலி. "நட" என்றார். நடந்தாள். ஆறாவது நிமிடமே வந்துவிட்டது. "ஒருக்களிச்சுப் படு." படுத்தாள். நான்கு நிமிடம். அவள் கையை நீட்டி, அவர் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்து, மூக்குக்கு நேராகக் கத்தினாள்.

"யோவ்! கிளம்புய்யா!"

ஏழு வருடக் குடித்தனத்தில் அவள் 'யோவ்' என்றதே இல்லை. ஸ்டாப்வாட்ச் கைநழுவி விழுந்தது. பதினெட்டு நிமிடத்தை வீணடித்துவிட்டோமே, அவள் அக்காவுக்கு நடந்தது இவளுக்கும் நடந்துவிட்டால் என்ன செய்வது?

ஆனால் என்ன அதிசயம், கைகால் தானாக வேலை செய்தது. முதலில் மனைவி. அப்புறம் கதவு. கழுத்திலேயே சாவி, காரிலேயே பை. எந்த சிக்னலில் கூட்டம் தேங்கும், எந்தச் சந்தில் திரும்பினால் குறுக்குவழி என்பதெல்லாம் இரண்டு தடவை அலைந்ததில் மனப்பாடம் ஆகியிருந்தது. "மூச்சு விடும்மா, இதோ வந்துட்டோம்" என்றபோது அவர் குரல்கூட நடுங்கவில்லை. பத்தொன்பதே நிமிடத்தில் மருத்துவமனை.

சக்கர நாற்காலி உள்ளே போன பன்னிரண்டாவது நிமிடம் குழந்தையின் அழுகை கேட்டது.

நர்ஸ் துணியில் சுற்றிய பெண் குழந்தையை அவர் கையில் வைத்தாள். "இன்னும் கால் மணி தாமதிச்சிருந்தா கார்லதான் சார்."

விசில் சார் வெட்கமே இல்லாமல் அழுதார். "அந்த ரெண்டு தடவை வலி வந்துதே, அதான் சிஸ்டர் எங்களைக் காப்பாத்துச்சு. இல்லேன்னா இன்னிக்கும் இவளை வீட்டுலயே விட்டுட்டு வந்திருப்பேன். உடம்புக்குத்தான் எவ்வளவு அறிவு!"

"உடம்புக்கு என்ன சார் தெரியும்? அந்த ரெண்டு தடவையும் உங்க சம்சாரம் முந்தின நாளே எனக்குப் போன் பண்ணி, 'நாளைக்கு அவரைப் பழக்கக் கூட்டிட்டு வரேன்'னு சொல்லிட்டாங்க. 'அவருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்களேம்மா'ன்னேன், முன்னாடியே சொன்னா அது ஒத்திகையே இல்லையாமே!"