பீருக்குக் காவல் கெண்டை

இந்த வருஷம் மாமனார் வாயால் "நல்லா இருக்கு" என்று சொல்ல வைத்தே தீருவது என்று ஹினெக் முடிவு கட்டிவிட்டான். போன கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டில் காய்ச்சிய பீரை மாமனார் யரோமீர் ஒரு வாய் குடித்தார். மிச்சத்தைப் பூந்தொட்டியில் ஊற்றினார். செடி பிழைக்கவில்லை.

தப்பெல்லாம் சூட்டில்தான். லாகர் பீர் மூணு வாரம் பத்து டிகிரியில் நொதிக்க வேண்டும். சூடு ஏறினால் பழ வாசனை அடிக்கும். அவன் வீடோ பிர்னோ நகரில் ஏழாவது மாடி. குளிர்காலத்தில் குடியிருப்பின் பொது ஹீட்டர் ஆளையே வேக வைத்துவிடும். பால்கனியில் வைத்தால் பீர் பாறாங்கல். பத்து டிகிரி கிடைக்கிற ஒரே இடம் பச்சைத் தண்ணீர் நிரப்பிய குளியல் தொட்டி. அது அவன் மனைவி ஸ்லாவ்காவின் ராஜ்யம். தினமும் ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறாவிட்டால் அவளுக்குப் பொழுது விடிந்ததாகவே கணக்கில்லை.

ஹினெக் ஒரு வழி கண்டுபிடித்தான். கிறிஸ்துமஸ் விருந்துக்கான கெண்டை மீனை உயிரோடு வாங்கிக் குளியல் தொட்டியில் விட்டு வைப்பது அந்த ஊர் வழக்கம்; அதை எந்தப் பெண்ணும் மறுத்துப் பேச முடியாது. எல்லோரும் ரெண்டு நாள் முன்னால் வாங்குவார்கள். அவன் நாலு வாரம் முன்னாலேயே வாங்கிவிட்டான்.

"என்னங்க இது, நவம்பர்லயே மீனு?"

"சேத்து வாடை போக வேண்டாமா?"

"சரி. தொட்டிக்குள்ள மீனு பக்கத்துல இந்த டிரம் எதுக்கு?"

"தனியாக் கெடந்தா மீனு ஏங்கிடும்."

"துணைக்கு இருபது லிட்டர் பீராக்கும்."

ஹினெக் மீனைப் பார்த்தான். மீன் ஒன்றும் உதவவில்லை.

"அப்ப நான் எங்கங்க குளிக்கிறது?"

"நீச்சல் குளத்துல ஷவர் இருக்குதே. நான் வேலை பாக்குற டிராம் பட்டறையிலயே குளிச்சுக்குறேன்."

"சரிங்க."

அவ்வளவுதான். ஒரு முணுமுணுப்புகூட இல்லை. எல்லாம் தன் சாமர்த்தியம் என்று ஹினெக் நினைத்துக்கொண்டான்.

தினமும் மாலை அஞ்சரைக்கு வீடு வந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் தொட்டித் தண்ணீரில் தெர்மாமீட்டரை விடுவான். பத்து. மறுநாளும் பத்து. டிரம்மை மட்டும் திறக்க மாட்டான், காற்றுப் பட்டால் கெட்டுவிடும். மூணு வாரம் கழித்து மூக்கைப் பொத்தாத குறையாக, மோந்துகூடப் பார்க்காமல் பாட்டிலில் அடைத்தான். முதல் வாய் மாமனாருக்குத்தான் என்று ஒரு வைராக்கியம்.

இருபத்துமூணாம் தேதி மத்தியானம் யரோமீர் வந்தார். கோப்பையை மோந்தார். தள்ளிப் பிடித்து மறுபடி மோந்தார்.

"மாப்ள, வாழைப்பழம் கெடந்து அழுகுதா இதுல?"

ஹினெக் மனைவியைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனான்.

"மூணு வாரமும் பத்து டிகிரிடி. என் கண்ணால பாத்தேன்."

"நீங்க அஞ்சரைக்குப் பாப்பீங்க. நான் நாலரைக்கே குளிச்சு முடிச்சுப் பச்சத்தண்ணி மாத்திருவேனே."

"தெனமுமா? வெந்நீர்லயா?"

"குளிர்காலத்துல வேற எதுல குளிப்பாங்க?"

"மீனு?"

"வாளியில. சமத்தா இருந்துச்சு."

"அந்த டிரம்மையும் வெளிய எடுத்து வெச்சிருக்கலாம்ல?"

"எதுக்குங்க? முதுகு சாய்ச்சுக்க நல்லா வாட்டமா இருந்துச்சு."