இரண்டு தூளியும் ஒரு கண்ணாடி வெளிச்சமும்

அன்பு மகள் பவானிக்கு, வெள்ளிமலையிலிருந்து அப்பா மாதன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சாமைக்காடும் சுகம். உன் இரட்டைப் பிள்ளைகள் செழியனும் பகலவனும் மிக மிகச் சுகம். அவர்கள் சுகத்தால்தான் நான் ஒன்பது நாளாகக் கண்ணை மூடவில்லை. போனில் சொல்லலாமென்றால் டவர் கிடைக்கும் பாறைவரை போகவேண்டும். அதுவரை தூளியை யார் ஆட்டுவது?

விஷயம் என்னவென்றால், ஒரே விட்டத்தில் இரண்டு ஸ்பிரிங், இரண்டு தூளி. ஒரு ஸ்பிரிங் புதுசு, துள்ளுகிறது. மற்றது தொய்ந்துபோய் ஆடி அசைந்து வருகிறது. செழியன் தூங்கினால் பகலவன் அழுகிறான், பகலவன் தூங்கினால் செழியன். உன் அம்மா பாவாயி களையெடுக்கப் போய்விடுகிறாள். நேற்று மத்தியானம் நீ சொன்னது ஞாபகம் வந்தது. உன் லேபில் முடியைவிட மெல்லிய இரண்டு தகடுகள் தன்பாட்டுக்குத் துடிக்குமாம், நடுவில் நூல்கூட இல்லாமல் வெறும் வெளிச்சத்தைப் பாய்ச்சினால் சேர்ந்து ஒரே தாளத்தில் ஆடுமாம். அட, இதை விட்டுவிட்டா கை வலிக்க ஆட்டிக்கினு கிடக்கிறேன் என்று சவரக் கண்ணாடியை எடுத்து வாசற்படியில் உட்கார்ந்து, வெயிலை உள்ளே திருப்பி ஸ்பிரிங்குகள்மேல் அடித்தேன். உள்ளங்கையால் மூடி மூடித் திறந்தேன். ஸ்பிரிங் என்னை மதிக்கவில்லை. ஆனால் வெளிச்சம் வழுக்கிச் சேலைத்துணிமேல் விழுந்ததும் இரண்டு தூளியும் உள்ளே விளக்கு வைத்ததுபோல் மஞ்சளாகிவிட்டன. துணியை விலக்கிக்கொண்டு இரண்டு தலைகள் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தன. சுவரில் வெளிச்சம் இடப்பக்கம் போனால் இரண்டும் இடப்பக்கம், வலமென்றால் வலம், கூரைக்கு ஏறினால் இரண்டு வாயும் ஒன்றாகத் திறந்தன. மேகம் வந்து வெயிலை மூடும்வரை நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. மூடியதும் இரண்டும் ஒரே சுருதியில் அழ ஆரம்பித்தன. உன் அம்மா களைக்கொட்டோடு ஓடிவந்து, "இன்னாய்யா, ஒண்ணாவது தூங்கிக்கினு இருந்துச்சு, அதையும் எழுப்பிட்டியா?" என்றாள்.

முடியாவிட்டால் ஒரு வரி எழுது, ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனாய். இதுதான் அந்த வரி: முடியவில்லை, வந்துவிடு. இந்த மலையில் உள்ள சாமிகள் எல்லாம் வழித்துணையாக வரட்டும்.

இப்படிக்கு,
அப்பா மாதன்

பின்குறிப்பு: இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு முகமும் வெளிச்சத்துக்கு ஒன்றாகத் திரும்பியபோது எப்படி இருந்தது என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்றேன். "அதப் பாக்கத்தானே அவ அங்க குந்திக்கினு இருக்கறா," என்றாள். வராதே மகளே. முடித்துவிட்டு வா. மேலே எழுதியதெல்லாம் தூக்கக் கலக்கத்தில் எழுதியது. இதை மட்டும்தான் விழித்துக்கொண்டு எழுதுகிறேன்.