நீல உறை

"உறை இல்லாம உள்ள விட முடியாது," என்றாள் பெத்ரோவ்னா. "தீர்ந்துபோச்சு."

ரோதியோன் காலிக் கூடையைப் பார்த்தான். யெனிசேய் நதிக்கரையில் அருங்காட்சியகமாகக் கட்டி வைத்திருந்த அந்தப் பழைய சக்கரக் கப்பலின் மரத்தளத்தில் வெறும் பூட்ஸ் படக்கூடாது. பூட்ஸின் மேல் நீல பிளாஸ்டிக் உறை மாட்டித்தான் ஏற வேண்டும். வாசலில் நாற்காலி போட்டு அதைக் கண்காணிப்பதுதான் பெத்ரோவ்னாவின் உத்தியோகம்.

"என் பொண்டாட்டி ஸீனா மேல்தளத்துல காத்துக்கிட்டிருக்கா. மூணு மணிக்குள்ள நான் போகலன்னா, பஸ் ஏறித் தங்கச்சி வீட்டுக்கே போயிடுவா. திரும்ப மாட்டா."

"அது உங்க குடும்ப விஷயம். தளம் என் பொறுப்பு."

ஸீனா கேட்டது, ஒருநாள் இந்தக் கப்பலை இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான். பத்து வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் அவன் "கால் வலிக்குது" என்று சோபாவில் சாய்ந்துவிடுவான். பொய்யில்லை. ஆலையில் நின்று நின்று கால் நிஜமாகவே வலித்தது. இன்றும் வலித்தது.

கரையில் சூரியகாந்தி விதை விற்பவளிடம் கெஞ்சி, இரண்டு பாலித்தீன் பைகளைக் காலில் கட்டிக்கொண்டு வந்தான். ஏறுபலகையில் வழுக்கி விழுந்தான். பைகளோடு கால்சட்டை முழங்காலும் கிழிந்தது.

"இது உறையா? குப்பை! போங்க, போங்க."

பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சாக்ஸோடு வந்தான்.

"பெருவிரல் வெளிய எட்டிப் பாக்குதே! இது அருங்காட்சியகம்யா, நீராவிக் குளியல் கூடம் இல்ல."

கோபத்தில் வெடுக்கென்று திரும்பினான். ஒரு பூட்ஸ் கை நழுவி நதியில் விழுந்து, அவசரமே இல்லாமல் வடக்கே போயிற்று.

மணி மூன்றாக ஐந்து நிமிடம். வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாமா என்று தோன்றியது. ஸீனா இல்லாத வீடு என்று நினைத்ததும் நதியோரம் இறங்கினான். சாக்ஸை உருவிக் கால்சட்டைப் பையில் திணித்தான். பனிக்கட்டி போன்ற தண்ணீரில் காலைக் கழுவி, சட்டையாலேயே துடைத்துக்கொண்டு, வெறுங்காலோடு வந்து நின்றான்.

"பாத்துக்கோ, பெத்ரோவ்னா. உன் தளத்தைவிடச் சுத்தம். இனி தோலைத்தான் உரிக்கணும்."

பெத்ரோவ்னா அந்தக் கால்களைக் குனிந்து பார்த்தாள். பிறகு மாடிப்படி பக்கம் திரும்பிக் கத்தினாள்:

"ஏ ஸீனா! நீ சொன்னபடியே மூணு தடவை துரத்திட்டேன், மனுஷன் நாலாவதும் வந்து நிக்கிறாரு. ஒளிச்சு வச்சிருக்கிற உறையெல்லாம் கீழ போடு!"