கோமளா சாப்பிட்டாளா?

கோமளா இன்றைக்கும் அந்த ஆளிடம் பதினேழு நிமிஷம் பேசியிருந்தாள்.

கம்ப்யூட்டரில் அந்த வரி மட்டும் சிவப்பாக நின்றது. நான்கு நிமிஷத்தைத் தாண்டுகிற அழைப்பெல்லாம் சிவப்பு. முதலாளி கண்ணில் படுவதற்குள் வேறு பக்கம் மாற்றிவிடலாம் என்று கலையரசி மௌஸைத் தேடினாள். வேணுகோபால் முதலாளி ஏற்கெனவே அவள் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்.

"இன்னாமா கலை, மறுபடியும் செவப்பு?"

"செய்யாறு கஸ்டமர் மொதலாளி. தாவீது."

"மூணு மாசமா பேசறான். ஒரு கர்சீப்பாவது வாங்கினானா?"

"நம்ம கடையில கர்சீப் விக்கறதில்ல மொதலாளி."

"அதனாலதான் வாங்கலியா? இத பாரு, தீபாவளி நெருங்கிடுச்சு. நாளைலேந்து அந்த ஆளு நாலு நிமிஷத்துல போன வெக்கணும். எப்படியாவது பண்ணு."

பெரிய காஞ்சிபுரத்தில் உள்ள மயில்கண் பட்டு மாளிகைக்கு வரும் போன்களையெல்லாம் ஜூலை மாதத்திலிருந்து கோமளாதான் எடுக்கிறாள். கோமளா மனுஷி இல்லை. சென்னைக் கம்பெனி ஒன்று கொண்டுவந்து பொருத்திய குரல். பெயர் மட்டும் முதலாளி வைத்தது.

அதற்கு முன்பு பதினோரு வருஷம் அந்த போனை எடுத்தவள் கலையரசி. இப்போது அவளுக்கு வேலை, கோமளா பேசியதைக் கேட்பது. ஒவ்வொரு அழைப்பையும் கேட்டு 'வாங்குவார்', 'விசாரணை', 'புகார்' என்று குறித்து வைக்க வேண்டும். கோமளா தப்பாகப் பேசியிருந்தால், இனிமேல் இப்படிச் சொல் என்று 'பதில் திருத்தம்' பக்கத்தில் எழுத வேண்டும். மறுநாளிலிருந்து கோமளா அப்படியே சொல்வாள். வாடிக்கையாளர் யாரையும் நேரே கூப்பிடக்கூடாது என்று முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போன காலத்தில், இந்த போன் ஒரு நாளாவது அடிக்காமல் இருக்காதா என்று கலையரசி ஏங்கியதுண்டு. இப்போது அது நாள் முழுக்க அடிக்கிறது. அவளைத்தான் யாரும் கூப்பிடுவதில்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பதினேழு நிமிஷத்தைக் கேட்டாள்.

"கத்தரிப்பூ கலர்ல சின்ன பார்டர் போட்டு எதுனா வந்திருக்குதாமா?" கரகரப்பான, அவசரமில்லாத குரல்.

"இருக்கிறது சார். யாருக்கு வாங்குகிறீர்கள்?"

ஆறு வினாடி சத்தமே இல்லை. கம்ப்யூட்டர் அதையும் கணக்கெடுத்து 'மௌனம்: 6' என்று பதிந்திருந்தது.

"அத்த அப்புறம் சொல்றேன்மா."

பிறகு மழையில் நனைந்தால் பட்டு என்ன ஆகும் என்று கேட்டார். காஞ்சிபுரத்தில் நேற்று மழையா என்று கேட்டார். கோமளா தெரிந்ததற்குப் பதில் சொன்னாள், தெரியாததற்கு மன்னிப்புக் கேட்டாள். கடைசியில் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ சாப்டியாமா?" என்றார்.

"நான் ஒரு தானியங்கி உதவியாளர். எனக்கு உணவு தேவையில்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

"இல்லமா. பரவால்ல."

மணி இரண்டு ஆகப்போகிறது. கலையரசியின் டிபன் பாக்ஸ் திறக்காமல் மேஜையில் இருந்தது. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பெண் கேட்டு வருகிறவர்கள் வருவது நின்று ஏழு வருஷமாகிறது. திருப்புட்குழியிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறாள், சாயங்கால பஸ்ஸில் போகிறாள். நடுவில், நீ சாப்பிட்டாயா என்று அவளை இந்தக் கடையில் யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

கேட்ட மனுஷனுக்கு இப்படியா பதில் சொல்வது? மரியாதையாக ஒரு வார்த்தை சொன்னால் அவரும் சீக்கிரம் வைத்துவிடுவார் என்று தனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு எழுதினாள்: 'சாப்பிட்டாயா என்று கேட்டால், சாப்டேங்க, நீங்க சாப்டீங்களா என்று கேட்கவும்.'

மறுநாள் அழைப்பு இருபத்து நான்கு நிமிஷம் ஓடியது.

கோமளா அந்தப் பதிலைச் சொன்னதும் தாவீது சிரித்தார். கலையரசி அந்தச் சிரிப்பை மூன்று தடவை ஓடவிட்டுக் கேட்டாள். குறிக்க வேண்டிய இடத்தில் 'விசாரணை' என்று குறித்தாள்.

"இன்னா சாப்ட?" என்று அவர் கேட்டிருந்தார்.

"மன்னிக்கவும். எங்களிடம் உணவுப் பொருள்கள் விற்பனைக்கு இல்லை."

கலையரசிக்கு மானமே போனது. அன்றைக்கு அவள் சாப்பிட்டது தக்காளி சாதம். 'என்ன என்று கேட்டால், தக்காளி சாதம், அப்பளம் என்று சொல்லவும்' என்று எழுதினாள்.

கோமளாவுக்கு ஆள் பார்த்துப் பேசத் தெரியாது. ஒருவருக்குச் சொல்லக் கற்றதை ஊருக்கே சொல்வாள். வேலூரில் துணிக்கடை வைத்திருக்கும் மொத்த வியாபாரி ஒருவர், "புதுசா என்னம்மா வந்திருக்கு?" என்று கேட்டார்.

"தக்காளி சாதம், அப்பளம்" என்றாள் கோமளா.

வியாபாரி முதலாளிக்கே நேராக போன் போட்டார். முதலாளி கலையரசியிடம் வந்தார்.

"ஏம்மா, நம்ம கடை எப்ப ஓட்டலாச்சு?"

"மிஷின் தானா ஏதோ கத்துக்கினு இருக்குது மொதலாளி. நான் பாக்கறேன்."

பார்த்தாள். 'என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் மட்டும்' என்று மாற்றினாள். ஆனால் இன்னொரு சிக்கல் வந்தது. தினமும் தக்காளி சாதம் என்றால் அவர் என்ன நினைப்பார்? நாளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் சொல்வதற்காகவே சமைக்க ஆரம்பித்தாள்.

விடியற்காலையில் இறால் உரித்துக்கொண்டிருந்தவளை அவள் அம்மா செல்லியம்மாள் வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"ஆபீசுக்கு இன்னாடி எறா தொக்கு? யார்னா வராங்களா?"

"யாரும் வரல. எனக்குத்தான்."

"உனக்கா? கெழம தவறாம ரசம் ஊத்திக்கினு போவியே."

கலையரசி டிபன் பாக்ஸில் தொக்கை வைத்து மூடும்போது, இது நாளைக்கு ஒருத்தர் காதுக்குப் போகும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த வாரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாலும் கால் வலிக்கவில்லை.

அக்டோபர் இரண்டாவது வாரம் தாவீது இருமினார். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை. பேச்சை நிறுத்தி, போனைத் தள்ளி வைத்து இருமினார். கோமளா, "உங்கள் குரல் தெளிவாகக் கேட்கவில்லை சார்" என்றாள். கலையரசிக்கு அவளை அறையலாம் போலிருந்தது.

உடனே எழுதினாள்: 'யாராவது இருமினால், இருமலு ரொம்ப இருக்குதே, பால்ல மஞ்சள், மிளகு போட்டுக் குடிங்க, பச்சத் தண்ணில குளிக்காதீங்க என்று சொல்லவும்.'

மறுநாள் அது அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கடுத்த நாள் அவர் கூப்பிட்டபோது சேலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"அப்படி சொல்லச் சொன்னாங்க இல்ல, அவங்ககிட்ட சொல்லிடுமா. குடிச்சேன்னு."

கலையரசி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். சுற்றிலும் பார்த்தாள். கூடத்தில் கல்யாணக் கூட்டம் ஒன்று சேலைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் அவளைக் கவனிக்கவில்லை. ஹெட்போனை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு அந்த ஒரு வரியை மட்டும் கேட்டாள். அவர் எண் திரையில் பளிச்சென்று இருந்தது. பத்து எண்கள். கையெழுத்துப் போட்ட காகிதம் முதலாளி அறையில் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் திருஞானசம்பந்தம் கடைக்குள் வந்தார். ரிட்டயர் ஆன தலைமை ஆசிரியர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு தாம்பூலப் பை. நேரே முதலாளியிடம் போனார்.

"போன்ல பேசற பொண்ணு கோமளாவப் பாக்கணும்."

"எதுக்கு சார்?"

"நேத்து சேலை விசாரிக்கக் கூப்டேன். பேசும்போது லேசா இருமினேன். பெத்த பொண்ணு மாதிரி மஞ்சப் பாலு குடிக்கச் சொல்லுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. என் ரெண்டாவது பையனுக்குக் கேக்கலாம்னு வந்திருக்கேன். சம்சாரம் ஆட்டோல இருக்காங்க, கூப்டட்டுமா?"

"சார், அது மிஷினு."

"மிஷினா?" அவர் பையைப் பார்த்தார். பையில் பூவும் வெற்றிலையும் இருந்தன. "இந்தக் காலத்துல மிஷினுக்கு இருக்கற அக்கற..." என்று முடிக்காமல் உட்கார்ந்துவிட்டார். முதலாளி அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பிறகு கம்பெனிக்கு போன் போட்டார்.

"உங்க பொண்ணு வழி தவறிப் போவுதுப்பா. வந்து இன்னான்னு பாருங்க."

மூன்று நாளில் ஆள் வருவதாகச் சொன்னார்கள்.

கலையரசிக்குப் புரிந்துவிட்டது. வேலை போய்விடும். அன்று சாயங்காலமே திருத்தங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். இறால் தொக்கு, கருவாட்டுக் குழம்பு, மஞ்சள் பால், கடைசியில் 'சாப்டேங்க, நீங்க சாப்டீங்களா'. அதை அழிக்க மட்டும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மறுநாள் தாவீது கூப்பிட்டார்.

"சாப்டியாமா?"

"நான் ஒரு தானியங்கி உதவியாளர். எனக்கு உணவு தேவையில்லை."

மௌனம்: 11. பிறகு போனை வைத்துவிட்டார். அழைப்பு நாற்பது வினாடி. முதல் தடவையாக அந்த வரி பச்சையாக வந்தது.

"பாத்தியா, பண்ணனும்னு நெனச்சா பண்ற!" என்றார் முதலாளி சந்தோஷமாக.

அடுத்த நாள் தாவீது கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. திரை முழுக்கப் பச்சை. கலையரசி பழைய அழைப்புகளைப் போட்டுக் கேட்டாள். மழையைப் பற்றிக் கேட்டது, கத்தரிப்பூ கலர், அந்தச் சிரிப்பு. டிபன் பாக்ஸில் மறுபடி ரசம் சாதம். அதையும் பாதி வைத்துவிட்டாள். அம்மா பாத்திரம் கழுவும்போது, "எறா வாங்கியாரட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

மூன்றாம் நாள் கம்பெனி ஆள் வந்தான். சந்தோஷ்குமார் என்று பெயர். முதுகில் பை, காதில் எப்போதும் ஏதோ ஒன்று. கலையரசியின் நாற்காலியில் உட்கார்ந்து நாலு பட்டன் தட்டினான்.

"திருத்தமெல்லாம் மனுஷங்க போட்டது சார். மிஷினு தானா கத்துக்கல."

"அதுல ஒண்ணும் இல்லியே தம்பி" என்றாள் கலையரசி.

"அழிச்சாலும் பதிவு இருக்கும் மேடம். யாரு, எப்ப, இன்னா எழுதினாங்க, எல்லாம்." சத்தமாகவே படித்தான். "தக்காளி சாதம், அப்பளம். கலையரசி. மதியம் ரெண்டு பத்து. எறா தொக்கு. கலையரசி. கருவாட்டுக் கொழம்பு, அவிச்ச முட்ட. கலையரசி."

முதலாளி அவளையே பார்த்தார்.

"எறா தொக்கா? பதினோரு வருஷத்துல எனக்கு ஒரு நாளு குடுத்திருப்பியா?"

"மன்னிச்சுக்கோங்க மொதலாளி. அந்த செய்யாறுக்காரரு கேட்டாரு. பதில் சொல்லாம இருக்க முடியல." அவள் குரல் உடைந்தது. "வேலைய விட்டு எடுத்துடுங்க."

நேற்று அந்தத் தலைமை ஆசிரியர் திரும்பி வந்து பன்னிரண்டு சேலை எடுத்துக்கொண்டு போயிருந்தார். "போய் மூஞ்சி கழுவிக்கினு வா" என்று மட்டும் சொன்னார் முதலாளி.

சந்தோஷ்குமார் அதற்குள் சிரிக்க ஆரம்பித்திருந்தான்.

"செய்யாறு தாவீதா? ஐயோ மேடம், அவரு கஸ்டமரே இல்ல. எங்க ஆளு."

"உங்க ஆளா?"

"டெஸ்ட் காலரு. புதுசா ஒரு கடையில குரல் பொருத்தினா, கஸ்டமர் மாதிரி கூப்ட்டுப் பேசிப் பாக்கறதுக்கு ஆளு வெச்சிருக்கறோம். இன்னான்னா கேக்கணும்னு லிஸ்ட்டு குடுத்துடுவோம்." போனில் எதையோ தேடி எடுத்துக் காட்டினான். "பாருங்க. கலர் கேக்கணும். சம்பந்தமில்லாம எதுனா கேக்கணும். யாருக்குன்னு கேட்டா ஒடனே சொல்லாம நிறுத்தணும்."

கலையரசி அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருமலு?"

"அதுவும் இருக்குது மேடம். பதினாலாவது."

அவள் தலையாட்டினாள். மேஜையில் இருந்த டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தாள். அதன் மூடி சரியாக மூடவில்லை. அழுத்திப் பார்த்தாள், மூடவில்லை. அப்படியே விட்டுவிட்டாள். ஆறு வினாடி, சிரிப்பு, குடிச்சேன்னு சொல்லிடுமா. எல்லாம் லிஸ்ட்டில் இருந்தது. அவள்தான் லிஸ்ட் இல்லாமல் பேசியிருக்கிறாள்.

"அவருக்கு இதுதான வேலை" என்றாள், யாரிடம் என்றில்லாமல். "நல்லா செஞ்சாரு."

"விடு கலை" என்றார் முதலாளி. "நானும்தான் அவன நெஜமான கஸ்டமருன்னு நெனச்சேன்."

சந்தோஷ்குமார் பையை மாட்டிக்கொண்டு எழுந்தான். கம்ப்யூட்டரை மூடப்போனவன் அழைப்புப் பட்டியலின் தேதிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டான். மேலே தள்ளினான், கீழே தள்ளினான், நெற்றியைச் சொறிந்தான்.

"ஆனா ஒண்ணு புரியல மேடம். டெஸ்ட்டு மொத்தமே பத்து நாளுதான், ஜூலையிலயே முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் இத்தன நாளா, அவரு எதுக்கு இங்க கூப்ட்டுக்கினு இருந்தாரு?"