தென்மலை டீம் லீக் மாறுகிறதாம்!

"யாரைக் கேட்டு லீக் மாறுறாங்க? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அனந்தகிருஷ்ணன் போட்ட கூச்சலில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அது எப்படியும் பொங்கியிருக்கும். ஆனாலும் சந்திரகலா பழியைக் கணவர் தலையில்தான் போட்டாள்.

"மெதுவாப் பேசுங்க. மங்காஃப் முழுக்கக் கேக்குது."

"கேக்கட்டும்! ஊரே கேக்கட்டும்!"

விஷயம் இதுதான். குவைத்தில் வேலை பார்க்கும் நம்ம ஊர் இன்ஜினியர்கள், படித்த காலேஜின் பெயரில் ஆளுக்கொரு கிரிக்கெட் டீம் வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு மங்காஃப் லீக், அந்தப் பக்கம் சால்மியா லீக். அனந்தகிருஷ்ணன் படித்த தென்மலை காலேஜ் டீம் பல வருஷமாக மங்காஃப் லீக்கில்தான் தோற்றுக்கொண்டிருக்கிறது. அது இப்போது சால்மியாவுக்குத் தாவப் போகிறது என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரே புகைச்சல்.

அனந்தகிருஷ்ணன் மட்டையைத் தொட்டவரே இல்லை. பவுண்டரி ஓரம் நாற்காலி போட்டுக் கத்துவார். "டேய், காலை முன்னாடி வை! அம்பயருக்குக் கண்ணு முதுகுலயா இருக்கு?" வாரம் முழுக்க ஆபீசில் மேனேஜர் கத்துவதைக் கைகட்டிக் கேட்கிற மனுஷன். தான் வாய் திறக்க அந்த ஒரு வெள்ளிக்கிழமை காலைதான் உண்டு. அதையும் பிடுங்கினால் வயிறு எரியாதா?

குழுவில் ஆளாளுக்கு ஆதாரம் காட்டினார்கள். கேப்டன் விஜயபாஸ்கரின் கார் சால்மியா ஓட்டல் வாசலில் நின்றதாம். டீமுக்குப் புது ஜெர்சி நீலமாம், சால்மியா லீக் கொடியும் நீலமாம். எல்லாவற்றுக்கும் மேலே, சால்மியா செயலாளர் வீட்டு வளைகாப்புக்குக் கேப்டன் குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்!

"வளைகாப்பு வரைக்கும் போயாச்சா? அப்ப முடிஞ்சுது கதை" என்று அனந்தகிருஷ்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

சும்மா இருந்திருக்கலாம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்ளாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராதே! "தென்மலை போனால் இன்னும் நாலு காலேஜ் பின்னாடியே போகும். மங்காஃப் லீக் கந்தல்தான்!" என்று குழுவில் போட்டார். மிரட்டுவதாக நினைப்பு. மறுநாளே இரண்டு காலேஜ் டீம்கள், "அப்போ நாங்க மட்டும் ஏன் இங்க மாட்டிக்கணும்?" என்று மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டன.

கொதித்துப்போய் ஃபஹாஹீல் டீக்கடையில் விஜயபாஸ்கரை மடக்கினார்.

"தம்பி, மறைக்காமச் சொல்லு. போறீங்களா, இல்லையா?"

விஜயபாஸ்கர் டீயை உறிஞ்சியபடி அவர் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார். "இல்ல சார்... இங்க கிரவுண்டுல நிழலே கிடையாது. பசங்க வாடிப் போயிடறாங்க."

"இவ்வளவுதானா? நான் பாத்துக்கறேன்!"

அடுத்த வெள்ளிக்கிழமை மைதானத்தில் கூடாரம் முளைத்தது. முன்பெல்லாம் வெயில் ஏறினால் அனந்தகிருஷ்ணன் தொண்டை வறண்டு பாதி ஆட்டத்தில் ஓய்ந்துவிடுவார். நிழல் கிடைத்ததும் கடைசிப் பந்து வரை ஓயவே இல்லை. அன்று சாயங்காலம் வதந்தி இன்னும் பலமாயிற்று.

மறுபடி போய்ப் பிடித்தார். "இப்ப என்னய்யா குறை?"

"பசங்களுக்கு உற்சாகம் கொறைஞ்சிடுச்சு சார்."

"உற்சாகம்தானே? விடு!"

வாங்கிவிட்டார் மைக் செட். அடுத்த மேட்சில் தென்மலையின் ஒவ்வொரு ஆட்டக்காரர் பெயரும், அவரவர் தப்பும், பக்கத்துப் பெட்ரோல் பங்க் வரை கேட்டது. முதலில் ஆட வந்தவன் தன் பெயரைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தான். அதற்குள் ஸ்டம்ப் பறந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் அறிவிப்பே வந்தது: தென்மலை டீம் சால்மியா லீக்கில் சேருகிறது.

அனந்தகிருஷ்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். "கூடாரம் போட்டேன், மைக் வாங்கினேன், தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேன். நன்றி கெட்ட ஜென்மங்க!"

"இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆத்திரம்? அரை மணி நேரம் கார் ஓட்டினா சால்மியா. போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள் சந்திரகலா.

"விருந்தாளியாப் போய் எப்படிக் கத்துறது? அங்கயே குடியிருக்கறவனுக்குத்தான் உரிமை. வீட்டை மாத்துறோம். கலாஸ், பேச்சு முடிஞ்சுது!"

"ஐயோ, நம்ம பொண்ணு ஸ்வாதியோட ஸ்கூல் பஸ்?"

"சால்மியாவுல பஸ்ஸே ஓடலயா?"

அழுதாள், கெஞ்சினாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். மனுஷர் மசியவில்லை. குழுவில் பெருமையாகப் போட்டார்: "தென்மலை எங்கேயோ நான் அங்கே. சால்மியா மைதானத்துக்கு நேர் எதிரே ஃபிளாட் பிடித்துவிட்டேன். இனி தினசரி பிராக்டிஸையும் பால்கனியிலிருந்தே கவனிப்பேன்!"

எதற்கெடுத்தாலும் நூறு பேர் பதில் போடும் குழு. அன்று ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை.

"பாத்தியா, நெகிழ்ந்து போயிட்டாங்க" என்றார் மனைவியிடம்.

வீடு மாறும் வெள்ளிக்கிழமை. கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறிவிட்டன. பழைய ஃபிளாட்டுக்கு வந்த புதுக் குடும்பம் உள்ளே பாலே காய்ச்சிவிட்டது. அனந்தகிருஷ்ணன் படியிறங்கும்போது எதிர்வீட்டு கோபாலசாமி தண்ணீர் கேனோடு பரபரப்பாக வெளியே வந்தார். பரம எதிரியான கல்லாறு காலேஜ் டீமின் மேனேஜர் அவர். கோயம்புத்தூர்க்காரர்.

"என்னய்யா, நாங்க ஒழிஞ்சோம்னு சந்தோஷமா?" என்று சீறினார் அனந்தகிருஷ்ணன்.

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மேட்சுக்கு நேரமாச்சுங்க. இன்னைக்குத் தென்மலையோடதான் ஆட்டம்."

"எந்தத் தென்மலை?"

கோபாலசாமி லாரியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ரொம்பப் பாவமாகச் சொன்னார்:

"உங்க தென்மலைதானுங்க. நீங்க சால்மியாவுக்கே குடி போறது உறுதின்னு தெரிஞ்சதும், அவங்க அன்னைக்கே, குழுவுல மூச்சு விடாம, மங்காஃப் லீக்குக்குத் திரும்பி வந்துட்டாங்களுங்க."